பொட்டு வைத்த புத்தகமும் கறை படிந்த தாளும்

இந்த வாரம் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: நர்ஸ் வசந்தியின் கை ஆறிவிட்டது. மணிக்கட்டில் பழைய எட்டணா அளவுக்குத் தோல் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வசந்தி யார், கைக்கு என்ன ஆயிற்று என்பதெல்லாம் பின்னால் வரும். நல்லபடியாக முடிந்த கதைதான் என்று தெரிந்துகொண்டே படியுங்கள். முக்கியமானதை முன்னால் வைக்க வேண்டும் என்பதை ஐம்பதைத் தொடுகிற வயதில் அடிபட்டுக் கற்றுக்கொண்டவன் நான். அந்த அடி என் மேல் படவில்லை என்பதுதான் இதில் சிக்கல்.

மாட்டினான் மச்சான்

கல்வராயன் மலையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. பிரசவ அறைக்கு அடுத்த அறையில் ஆட்டோகிளேவ் இயந்திரம் நிற்கிறது. கத்திரிக்கோல், பஞ்சு, துணி எல்லாவற்றையும் நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் இயந்திரம். இடுப்பளவு உயரம். கல்யாணச் சமையலுக்கென்றே செய்த குக்கர் மாதிரி இருக்கும். மேலே கனமான மூடி, மூடியைச் சுற்றி ஆறு திருகு, அழுத்தம் காட்டும் முள், நீராவியை வெளியே விடும் வால்வு. அதைச் செய்தது எங்கள் கம்பெனி. அதற்கு விளக்கப் புத்தகம் எழுதியது நான்.

காலை பத்து மணி இருக்கும். டெட்டால் வாசனையும் வெந்த துணி வாசனையும் கலந்து அடித்தது. நான் இயந்திரத்தின் முன்னால் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்தது இயந்திரத்தை இல்லை, அதற்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளை.

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். நீல மையில் எட்டே வரி. ஒவ்வொரு எழுத்தும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களைப் போல ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது. பார்த்ததுமே தெரிந்தது, என் மனைவி மல்லிகாவின் அண்ணன் ஏழுமலையின் கையெழுத்து. எங்கள் கம்பெனியின் சர்வீஸ் மெக்கானிக். பத்தாவதில் இரண்டு முறை கோட்டை விட்டவன்.

கையால் எழுதிய தாள் எதையும் எந்த இயந்திரத்தின் பக்கத்திலும் ஒட்டக் கூடாது என்று கம்பெனியில் ஒரு உத்தரவு இருந்தது. முதலாளியிடம் சொல்லிச் சொல்லி அந்த உத்தரவை வாங்கியவனே நான்தான். அதை மீறி இங்கே ஒரு தாள் ஒட்டியிருப்பதாக டிரைவர் ஒருவர் வாய்தவறிச் சொல்ல, 'வாசகர் கருத்துக் கேட்கப் போகிறேன்' என்று பொய் சொல்லி மலையேறி வந்திருந்தேன். மாட்டினான் மச்சான். மனசுக்குள் பம்பை, உடுக்கை எல்லாம் ஒலித்தன.

இரண்டாவது படம் எடுக்கும்போதுதான் கவனித்தேன். தாள் முழுக்க விரல் கறை. ஈர விரல், மருந்து விரல், அவசரத்தில் வைத்த கட்டைவிரல். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்திருக்கிறார்கள். ஆறாவது வரியின் பக்கத்தில் காகிதமே தேய்ந்து பஞ்சாகியிருந்தது.

என் புத்தகம் எங்கே என்று தேடினேன். பீரோவின் மேல், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. உறையின் மேல் மஞ்சளும், அதன் நடுவில் குங்குமமும். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

வயிற்றெரிச்சல் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று டாக்டர் கேட்டால் நான் தொட்டுக் காட்டுவேன். தொப்புளுக்கு நாலு விரல் மேலே. என் புத்தகத்தைக் கும்பிடுகிறார்கள், அவன் தாளைப் படிக்கிறார்கள். கும்பிடுவது எவ்வளவு பெரிய அவமானம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மைக் பிடித்த கை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் பூர்வ கதை தெரியும். மற்றவர்களுக்காக இரண்டு பாரா.

நான் மைக் பிடித்துப் பிழைத்தவன். ரிஷிவந்தியத்தில் திருவிழாவா, நைனார்பாளையத்தில் காதுகுத்தா, 'மைக் செல்வத்தைக் கூப்பிடு' என்பார்கள். ஒரு தாய்மாமன் சீர் கொண்டு வருவதை அறிவிக்கவே பத்து நிமிஷம் எடுத்துக்கொள்வேன். என்ன கொண்டு வந்தார் என்பதைக் கடைசி வரை சொல்ல மாட்டேன். கூட்டம் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்தக் கழுத்துகள்தான் என் சம்பாத்தியம்.

பிறகு பாட்டுப் பெட்டிக்காரர்களே மைக்கும் பிடிக்கத் தொடங்கினார்கள். என் கழுத்துகள் குறைந்தன. அந்தச் சமயத்தில்தான் சின்னசேலம் ரோட்டில் ஆட்டோகிளேவ் செய்யும் தண்டபாணி, ஒரு கிரகப்பிரவேசத்தில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "புலவரே, எங்க மிஷினுக்கு ஒரு புக்கு எழுதித் தர்றீங்களா" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு முதலாளி, நான் அவருக்குப் புலவர்.

முதல் நாள் மேஜை, நாற்காலி, பேனா, வெள்ளைத் தாள் எல்லாம் கொடுத்து உட்கார வைத்தார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. மைக் என்றால் எதிரில் முகம் இருக்கும். வெள்ளைத் தாளுக்கு முகம் இல்லை. சாயங்காலம் வரை மூன்று டீ, இரண்டு முறை மூக்குக்கண்ணாடி துடைத்தல், ஒரு தலைப்பு. பயம் அதிகமானால் எனக்குத் தமிழ் பொங்கும். மறுநாள் இப்படித் தொடங்கினேன்: 'ஆதி மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த அந்தப் பொன்னாளில்...'

நெருப்பிலிருந்து நீராவிக்கு வர நாலு பக்கம். கிருமி என்றால் என்ன என்பதற்கு ஆறு பக்கம். மற்ற முன்னுரைகளையும் தாண்டி இயந்திரத்துக்கு வந்து சேரும்போது புத்தகத்தில் பாதி முடிந்திருந்தது. மொத்தம் அறுபத்திநாலு பக்கம். அட்டையில் தாமரை.

மல்லிகாவிடம் படித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்குது. மிஷின் எப்ப வரும்" என்றாள்.

பதினொரு பிழை

எங்கள் குடும்பத்தில் இன்னொரு எழுத்தாளன் உருவாகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஏழுமலை ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இயந்திரத்தைப் பொருத்திவிட்டுக் கிளம்பும்போது, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எட்டு வரி எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வருவான். யாரும் கேட்காமல் செய்தது. திருக்கோவிலூரில் ஒரு பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டு முதலாளிக்குப் போன் செய்து பாராட்டினாராம். முதலாளி மல்லிகாவிடம் சொன்னார். மல்லிகா என்னிடம் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்பதுதான் விஷயம்.

"எங்கண்ணன் எழுதுனா எனக்கே புரியுதுங்க. நானே அந்த மிஷினப் போட்டுடுவேன் போலக்கீது."

சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். குழம்பு ஊற்றும்போது கரண்டி கொஞ்சம் உயரத்திலிருந்து வந்தது. பெருமை அப்படித்தான் ஊற்றும்.

நான் திருக்கோவிலூருக்கே போய் அந்தத் தாளைப் படம் எடுத்து வந்தேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன். எட்டு வரியில் பதினொரு எழுத்துப் பிழை. வட்டம் போட வட்டம் போட எனக்கு உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. முதலாளியின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

"கம்பெனி மானம் போகுதுங்க. புத்தகம் இருக்கிற எடத்துல இந்தத் தாளு எதுக்குங்க?"

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "தப்பு கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் கீது" என்றார். அவருக்குத் தலைவலிக்க ஆயிரம் காரணம் இருந்தது, இதில் ஒன்று குறைந்தால் போதும் என்று நினைத்திருப்பார். இனி ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"சரி மாப்ள, நீ படிச்சவன்" என்றான் ஏழுமலை. அப்படி ஒத்துக்கொண்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பெருந்தன்மையிலும் முந்திவிட்டான்.

அந்த உத்தரவுக்குப் பிறகு பொருத்திய முதல் இயந்திரம்தான் மலை ஆஸ்பத்திரியில் இருப்பது. தாள் இல்லாமல், என் புத்தகத்தை மட்டும் நம்பிப் போன முதல் இயந்திரம்.

என் ஒரே வாசகி

"சார், நீங்கதான் இந்தப் புக்கு எழுதுனவரா?"

திரும்பினேன். நர்ஸ் வசந்தி. திருக்கோவிலூர்க்காரர், மாற்றலாகி மலைக்கு வந்தவர். முப்பது வயதிருக்கும். கையில் பஞ்சு அடைத்த எவர்சில்வர் டிரம்.

"ஆமாம்மா. யாரும் தொடவே இல்ல போலிருக்கே" என்று பீரோவின் மேல் கை காட்டினேன். குரலில் கொஞ்சம் சோகம் கலந்தேன். மைக் பழக்கம்.

"ஐய, நான் படிச்சேன் சார். முழுசா படிச்சேன். படிச்சிட்டுத்தான் மறுபடி கவர்ல போட்டு வெச்சேன்."

தொப்புளுக்கு நாலு விரல் மேலே இருந்த எரிச்சல் சட்டென்று அணைந்தது. அறுபத்திநாலு பக்கத்தையும் முழுசாகப் படித்த ஒரு ஜீவன். நாற்காலி இல்லாவிட்டாலும் உட்கார்ந்துவிடுவேன் போலிருந்தது.

"எப்படிம்மா இருந்தது?"

"கிருமின்னா இன்னான்னு ஆறு பக்கம் எழுதிக்கிறீங்க. மூணு வருசம் அதத்தான சார் படிச்சிட்டு வந்தேன். அத வுடுங்க. இங்க பாருங்க."

டிரம்மைக் கீழே வைத்துவிட்டு இடது கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டில், கடிகாரம் கட்டும் இடத்தில், சிவந்து பளபளவென்று ஒரு வடு.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். முன்பு வெளியூரில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் வேறு கம்பெனியின் இயந்திரம். வேலை முடிந்ததும் அதுவே நீராவியை வெளியே தள்ளிவிடும். அதைத் திறக்க யோசிக்கவே வேண்டியதில்லை. இங்கே இது புது மாதிரி. எதையும் தானாகச் செய்துவிடக் கூடாது என்று புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் செய்திருக்கிறார். அவ்வளவு பொறுப்பு.

"பதினோராவது படில இன்னா எழுதிக்கிறீங்க? 'இனி மூடியின் திருகுகளைத் தளர்த்தலாம்.' பக்கம் முடிஞ்சிது. நான் ஒரு திருகத் தளத்துனேன். புஸ்ஸுனு அடிச்சிது பாருங்க. அப்பறம் பக்கத்தத் திருப்பிப் பாத்தா, பன்னண்டாவது படி."

எனக்குப் பன்னிரண்டாவது படி மனப்பாடம்: 'ஆனால், திருகுகளைத் தொடுவதற்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அது என்ன தெரியுமா?' அதற்குக் கீழே ஒரு வரி இடைவெளி. பிறகு: 'வால்வைத் திறந்து நீராவியை வெளியேற்றி, முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்பதைத்தான்.'

அந்தப் பக்கம் தற்செயலாக அப்படி முடியவில்லை. அச்சகத்தில் போய் நின்று, 'அந்த வரியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுங்க, பக்கத்தைத் திருப்பும்போது ஒரு எதிர்பார்ப்பு வரணும்' என்று கேட்டு வாங்கியது. தாய்மாமன் சீரைப் போல.

"திருகு அரைச் சுத்துதான் தளந்துச்சு. அதோட வுட்டுட்டேன். முழுசா தொறந்திருந்தா மூஞ்சி போயிருக்கும் சார்" என்றார் வசந்தி. கோபமாகச் சொல்லவில்லை. ஊசி போட்ட பிறகு, வலிக்கும் என்று சொல்கிற அதே குரல்.

"கம்பெனிக்குச் சொல்லலியாம்மா?"

"ஏழுமலை அண்ணன் வந்தாரு. எல்லாம் கேட்டாரு. இந்தத் தாள எழுதி ஒட்டுனாரு. 'எங்க வூட்டு மாப்ளதான் புக்கு எழுதுனவரு, திடீர்னு கேட்டா ஒடஞ்சி பூடுவாரு, நானே பக்குவமா சொல்லிக்கிறேன்'னாரு. சொல்லலியா?"

சொல்லவில்லை. நான் போனில் எடுத்து வைத்திருந்த இரண்டு படமும் சட்டைப் பையில் கனத்தன.

பலாப்பழத்தோடு ஒரு பயணம்

இறங்கும் பஸ்ஸில் கடைசி சீட்டு. பக்கத்தில் யாரோ ஏற்றிவிட்ட ஒரு பலாப்பழம். ஒவ்வொரு வளைவிலும் அது உருண்டு வந்து என் கணுக்காலில் முட்டியது. நான் நகரவில்லை. எனக்கு வேண்டியதுதான் என்று விட்டுவிட்டேன்.

பயம் என்றால் எனக்கு நாடகம் ஓடும். முதல் வளைவில் போலீஸ் வந்தது. மூன்றாம் வளைவில் மல்லிகா பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஐந்தாம் வளைவில் கூண்டில் நிற்கிறேன், 'அது என்ன தெரியுமா?' என்று நீதிபதி என்னைப் பார்த்துக் கேட்கிறார்.

கச்சிராயபாளையம் வரும்போதுதான் நிஜமான பயம் பிடித்தது. அந்தப் புத்தகம் ஒரு ஆஸ்பத்திரியில் மட்டுமா இருக்கிறது? விற்ற இயந்திரத்துக்கெல்லாம் ஒன்று போயிருக்கிறது. பழைய இடங்களில் ஏழுமலையின் தாள் காப்பாற்றும். தாளைக் கிழித்துவிடச் சொல்லி நானே சில இடங்களுக்குப் போன் செய்திருந்தேனே, அங்கே? மேலும் அந்த வாரம் அதே புத்தகம் மறுபடி அச்சுக்குப் போயிருந்தது.

இவ்வளவு நாள் யாரும் படிக்கவில்லையே என்று வெந்தவன், வாழ்க்கையில் முதல் முறையாக, என் எழுத்தை யாரும் படித்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். சாமி எதுவென்று கூடப் பார்க்கவில்லை. வழியில் வந்த கோபுரத்துக்கெல்லாம் ஒரு கும்பிடு.

சும்மா அச்சகத்துக்குப் போய் அந்த ஒரு வரியை மேலே ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. அப்படியே அச்சகம் வரை நடந்தும் போனேன். புதுப் புத்தகம் சரியாகிவிடும். ஆனால் பொட்டு வைத்து பீரோ மேல் உட்கார்ந்திருக்கும் பழைய புத்தகங்களை யார் இறக்குவது? கம்பெனி சொன்னால்தான் இறங்கும். கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமென்றால் நான் சொல்ல வேண்டும். சொன்னால் அத்தோடு என் பேனா போய்விடும். அச்சை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கம்பெனிக்கு நடந்தேன்.

"மேட்டருக்கு வாங்க"

முதலாளி சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். நான் தொடங்கினேன். மலை எவ்வளவு அழகு என்பதில் தொடங்கி, நர்ஸ்களின் தியாகத்துக்கு வந்து, எழுத்து என்பது எப்படி ஒரு...

"புலவரே. மேட்டருக்கு வாங்க."

"என் புத்தகத்தைப் படிச்சி ஒரு நர்ஸுக்குக் கை வெந்துபோச்சுங்க."

குச்சி வாயிலேயே நின்றது. வாசலில் ஏழுமலை, எண்ணெய்க் கையோடு நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது.

"மலை ஆஸ்பத்திரி சர்வீஸ் ரிப்போட்ல மூடி ரப்பர் மாத்துனதா மட்டும்தான எழுதிக்கிற?" என்று முதலாளி அவனைக் கேட்டார்.

"மாத்துனேன். அதுவும் கொஞ்சம் தேஞ்சிதான் இருந்துச்சு" என்றான் ஏழுமலை, தரையைப் பார்த்துக்கொண்டு.

"பொய் சொல்லாதடா" என்றார் முதலாளி.

"ரப்பர் மேல தப்பில்லைங்க. என் மேலதான்" என்றேன். "தாளை எடுக்கச் சொன்னதும் நான்தாங்க. பிழை இருக்கறதுக்காக இல்ல. எல்லாரும் அதையே படிக்கிறாங்கன்னுதான்."



முதலாளி திட்டவில்லை. டெலிபோன் நோட்டை எடுத்து என் முன்னால் போட்டார். "ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் நீங்களே போன் போடுங்க. புக்க எடுத்துத் தனியா வெக்கச் சொல்லுங்க. மொத வார்த்தையே அதா இருக்கணும். வணக்கம் கூட அப்பறந்தான்."

இரண்டு நாள் போன் செய்தேன். அந்த இரண்டு நாளும் என் இலக்கிய வாழ்வின் உச்சம் என்று சொல்லலாம். ஒருவர், "எந்தப் புக்கு சார்?" என்றார். இன்னொருவர், "அதுவா, பீரோல பூட்டி வெச்சிக்கிறோம், சாவி பெரியம்மாகிட்ட கீது" என்றார். மூன்றாவது இடத்தில், "பிரிக்கவே இல்லீங்க, புதுசா இருக்குது, திருப்பி எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் நிம்மதியாக மூச்சு விட்டேன். விட்ட மூச்சு ஒவ்வொன்றும் சுட்டது.

தாளைக் கிழிக்கச் சொன்ன இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவைத்துத்தான் கூப்பிட்டேன். ஒரு இடத்திலும் கிழிக்கவில்லை. "அது இல்லாம எப்டி சார் மிஷின் போடறது?" என்றார்கள்.

கையைக் கட்டு, வாயைக் கட்டு

வேலையிலிருந்து எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். முதலாளி எடுக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். "இவன்கூடப் போயி கத்துக்கினு வாங்க" என்று ஏழுமலையோடு பைக்கில் ஏற்றிவிட்டார்.

அவன் பின்னால் உட்கார்ந்து திருக்கோவிலூருக்குப் போனேன்.  பாதி வழியில், கரும்பு லாரி ஒன்றை ஒதுங்கிப் போக விட்டபோதுதான் கேட்டேன்.

"ஏன் மச்சான் எங்கிட்ட சொல்லல?"

"எப்டி சொல்றதுன்னு தெரியல மாப்ள. எட்டு வரிக்கு மேல எனக்கு வராது."

திருக்கோவிலூர் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு நர்ஸம்மாவை இயந்திரத்தின் முன் நிறுத்தினான். என்னை ஓரமாகத் தள்ளி, என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துவிட்டான்.

"இப்டியே நிக்கணும். அவங்க மூடியத் தொறக்கற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. கேள்வி கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. ஆபத்துன்னா மட்டும் நான் தடுப்பேன். அவங்க கை எங்க நிக்குதுன்னு மட்டும் பாரு. கை நிக்கற எடத்துலதான் ஒரு வரி வேணும். நிக்காத எடத்துல எழுதுனா அது நமக்காக எழுதறது."

"வீட்டுல மல்லிகாவை வச்சுப் பார்த்தா போதாதா?"

"அவளுக்கு கிருமியே தெரியாது, இவங்களுக்கு கிருமி தண்ணிபட்ட பாடு. இவங்களுக்கு நம்ம மிஷின்தான் தெரியாது."

அந்த நர்ஸம்மா தண்ணீர் ஊற்றும்போது கை நிற்கவில்லை. துணி அடுக்கும்போது நிற்கவில்லை. நான் நாலு பக்கம் எழுதியிருந்த இடங்களையெல்லாம் அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே தாண்டிப் போனார். மூடியைத் திருகும்போது ஒரு நொடி நின்றது: எந்தத் திருகு முதலில்? கடைசியில், இயந்திரத்தை அணைத்த பிறகு, கை மூடிக்கும் வால்வுக்கும் நடுவில் காற்றிலேயே நின்றது. கண் சுவரில் இருந்த தாளைத் தேடியது. ஆறாவது வரிக்கு விரல் போனது: வால்வைத் திறந்து, முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் மூடி.

மலையிலும் சரி, இங்கேயும் சரி, ஆறாவது வரிதான் தேய்ந்திருந்தது. அது ஏனென்று அப்போதுதான் தெரிந்தது.

திரும்பும்போது சொன்னேன். "மச்சான், கையில கிளவுஸ் ஈரமா இருக்கும்போது ஆறாவது வரியத் தேட வெக்கறோம். அத மேல தூக்கி, சிவப்புல, முதல் வரியா போட்டா? ஆறாவது எடத்துலயும் இருக்கட்டும்."

ஏழுமலை பைக்கின் வேகத்தைக் குறைத்தான். கொஞ்ச தூரம் அப்படியே ஓட்டினான்.

"இது எனக்குத் தோணல மாப்ள" என்றான்.

கரும்பு வாசனை அடித்தது. கள்ளக்குறிச்சி வரை நான் பைக்கில் உட்கார்ந்திருந்ததாகவே நினைவில்லை.

மறுபடி அதே அறை

ஒரே தாள். ஒன்பது வரி. எட்டு அவனுடையது. மேலே சிவப்பில் ஒன்று என்னுடையது: 'முள் பூஜ்யத்துக்கு வரும் வரை மூடியைத் தொடாதீர்கள்.' பதினொரு பிழையையும் திருத்தியிருந்தேன். அந்தச் சந்தோஷத்தை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

அதை எடுத்துக்கொண்டு தனியாக மலையேறினேன். பழைய தாளை எடுத்துவிட்டு, அதே இடத்தில் புதியதை ஒட்டினேன். வசந்தியிடம், எதுவும் கேட்காமல் இந்தத் தாளை மட்டும் பார்த்து ஒரு முறை போட்டுக் காட்டச் சொன்னேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

அவர் தாளை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஏழுமலை அண்ணன் புதுசா எழுதிக் குடுத்தாரா சார்?"

மூடி திறக்கும் வரை வாய் திறக்கக் கூடாது. வேலையோ முக்கால் மணி நேர வேலை.

அந்த முக்கால் மணி நேரத்தில் நான் எத்தனை பதில் தயாரித்தேன் என்று நினைக்கிறீர்கள். முள் ஏறியது. என் ரத்தமும் ஏறியது. நீராவி சீறியது, நானும் உள்ளுக்குள் சீறினேன். வசந்தி இடையில் இரண்டு முறை, "அண்ணன் எழுதுனா எழுதுனதுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் விரல்கள் பின்னால் ஒன்றையொன்று நெரித்தன.

இயந்திரத்தை அணைத்தார். வடு இருந்த கை மூடியை நோக்கிப் போனது. காற்றில் நின்றது.

அந்த இடத்தில் என் எரிச்சல், என் பதில்கள், எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. அந்தக் கையைத் தவிர அறையில் வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

வசந்தி நிமிர்ந்து தாளைப் பார்த்தார். ஈர விரலை முதல் வரியில் வைத்தார். பிறகு கை மூடியை விட்டு வால்வுக்குப் போனது. நீராவி நீளமாக வெளியேறியது. முள் இறங்கி, இறங்கி, பூஜ்யத்தில் உட்கார்ந்தது. ஆறு திருகையும் எதிரெதிராகத் தளர்த்தி, முகத்தை ஒதுக்கி, மூடியைத் தூக்கினார். வெந்த துணி வாசனை அறையை நிறைத்தது.

இப்போது பேசலாம்.

"ஏழுமலை எழுதுனதுதாம்மா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா பாருங்க, ஒரு எழுத்துப் பிழை கூட இருக்காது."

வசந்தி தாளைத் திரும்பிப் பார்த்தார். "பழசுல இருந்துச்சா சார்? நான் கவனிக்கவே இல்லியே" என்று சொல்லிவிட்டு டிரம்மைத் தூக்கிக்கொண்டு போனார்.

நான் தாளின் பக்கத்தில் போனேன். சிவப்பு வரியின் மேல், 'முள்'ளுக்கும் 'பூஜ்யத்'துக்கும் நடுவில், ஒரு ஈரக் கறை. சிவப்பு மை லேசாகக் கரைந்து இளஞ்சிவப்பாக விரிந்திருந்தது. என் எழுத்தின் மேல் படிந்த முதல் விரல். மூன்று கோணத்தில் படம் எடுத்தேன். அதில் நல்லதாக ஒன்றைப் பார்த்து ஏழுமலைக்கு அனுப்பினேன். அவனும் கொஞ்சம் எரியட்டுமே என்றுதான்.

பஸ் ஏறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

'மாப்ள மை கரயுது. லேமினேசன் போட்டுட்டு வா. அடுத்து வர்ரவங்களுக்கு தெரியாம பூடும்.'

அடுத்து வருகிறவரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அதிலும் முந்திவிட்டான்.

பஸ்ஸை விட்டுவிட்டு லேமினேஷன் கடையைத் தேடிப் போனேன்.